பேழை எங்கே, புலவரே?

எனக்குக் கோபம் சட்டென்று வரும். நாடக ஒத்திகை என்றால் இன்னும் சட்டென்று வரும். ஷார்ஜாவில் எங்கள் வீட்டு ஹாலில் சோபாவைச் சுவரோரம் தள்ளிவிட்டு வெள்ளிக்கிழமைதோறும் ஒத்திகை பார்ப்போம். கீழ்வீட்டு எகிப்துக்காரர் சில தடவை மேலே வந்து கதவைத் தட்டியிருக்கிறார். நடிகர்களின் சத்தத்துக்காக இல்லை, என் சத்தத்துக்காக.

அந்த வருஷம் சித்திரை விழாவுக்கு நான் எழுதியது ஒரு புலவரின் கதை. ராஜாக்கள் காலம். மறைசபை என்று ஒரு ரகசியக் கூட்டம். பாழடைந்த கோயில்களிலும் சமணக் குகைகளிலும் கிடக்கிற பழம்பொருள்களைத் தேடிக் கொண்டுவரச் சொல்லி அந்தச் சபை ஒரு புலவரை ஊர் ஊராக அனுப்புகிறது. அவருக்குக் கல்வெட்டு படிக்கத் தெரியும், வீட்டில் அடுப்பு எரியவில்லை. ஆகவே போகிறார். கடைசியில் ஒரு வெண்கலப் பேழை அகப்படுகிறது. அதற்குள் இருப்பது யார் கையில் இருக்கிறதோ அவனுக்கு நாடே வசப்படும் என்பது சபையின் நம்பிக்கை. புலவர் தனியாகத் திறந்து பார்த்தால் உள்ளே ஒரு கிலுகிலுப்பை. என்றோ இறந்துபோன ஒரு ராஜகுழந்தையின் விளையாட்டுச் சாமான். அதைச் சபையிடம் கொடுப்பதா, பேழையே கிடைக்கவில்லை என்று பொய் சொல்வதா என்பதுதான் கடைசிக் காட்சி.

புலவராக நடித்தவர் அரியலூர்ப் பக்கத்துக்காரர். கட்டட சைட்டில் கம்பி கட்டும் வேலை, கம்பெனியின் தொழிலாளர் கேம்ப்பில் ஜாகை. முந்தைய வருஷ விழாவில் மேடைக்குக் குழாய் கட்டிக் கொடுக்க வந்தவர் கீழே நின்று மேலே இருந்தவனிடம் ஏதோ சொன்னார். கடைசி வரிசையில் இருந்த எனக்கு ஒவ்வொரு எழுத்தும் கேட்டது. அப்போதே பிடித்துப்போட்டேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அவர் பெயர் புலவர்தான். என் மகள்கூட 'புலவர் அங்கிள்' என்றுதான் கூப்பிடுவாள்.

அவர் வளைகுடாவுக்கு விமானம் ஏறியபோது அவர் மனைவி வயிற்றில் பிள்ளை. பிறந்தது பெண். அந்த வாரமே ரோலா கடைத்தெருவுக்குப் போய் ஒரு பித்தளைக் கிலுகிலுப்பை வாங்கி வைத்திருக்கிறார், முதல் லீவில் கொண்டுபோய்க் கொடுக்க. முதல் லீவு வரவில்லை. வேலை முடியட்டும் என்றார்கள். பிறகு மாற்று ஆள் வரட்டும் என்றார்கள். அந்தப் பெண் குப்புற விழுந்து, தவழ்ந்து, நடந்து, பால்வாடிக்கும் போகத் தொடங்கிவிட்டாள். அப்பாவை போனில் மட்டும்தான் பார்த்திருக்கிறாள். கிலுகிலுப்பைக்கான வயசு தாண்டிப்போனதால், "சும்மாதானக்கா கெடக்குது, நாடகத்துக்கு வச்சுக்குங்க" என்று கொண்டுவந்து கொடுத்தார். அடியில் ஒட்டியிருந்த கடை ஸ்டிக்கரை உரித்துவிடுங்கள் என்று நானும் ஒவ்வொரு வாரமும் கத்தினேன். சரிக்கா என்பார். உரிக்கமாட்டார். புதுசாகவே கொடுக்கவேண்டும் என்று வைத்திருந்த பொருள் அது. எனக்குப் புரியாமல் இல்லை. ஆனாலும் ராஜாக்கள் காலத்துப் பேழைக்குள் பார்கோடு இருந்தால் எனக்குத் தூக்கம் வராது.

ஒத்திகைக்கு நடுவில் வீட்டுக்கு வீடியோ கால் போடுவார். வசனத்தை மனப்பாடம் செய்ததும் அந்தப் பெண்ணிடம்தான். கேட்டுக் கேட்டு அவளுக்குச் சபைத் தலைவனின் கேள்வி பாடமாகிவிட்டது. இவர் முகம் திரையில் தெரிந்ததும், "பேழை எங்கே?" என்பாள். 'புலவரே' அவள் வாயில் நுழையாது. இவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "தேடினேன். மலையில் தேடினேன், மண்ணில் தேடினேன்" என்று ஆரம்பிப்பார். அந்த ஒரு நிமிஷம் மட்டும் ஹாலில் யாரும் பேசமாட்டோம். நானும்தான்.

பேழையைத் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் வேலை பார்க்கும் நம்மூர்க்காரர் செய்து கொடுத்தார். வெட்டுப்பட்ட பித்தளைத் தகடுகள், மூடியில் தாமரை. ஒரு குறிப்பிட்ட இதழை அழுத்தினால் மூடி தானாக விலகும். உள்ளே அலமாரிக் கதவுக்கு வைக்கிற காந்தம். மேடையில் ஒற்றைக் கையால் திறக்கவேண்டுமே. பார்த்ததும் எனக்கே பயமாக இருந்தது, அத்தனை அழகு. விழா வரைக்கும் யாரும் அதை போட்டோ எடுக்கக்கூடாது என்று உத்தரவு போட்டேன். எடுத்தால் சித்திரைக்கு முன்பே ஊரெல்லாம் சுற்றிவிடும்.

ஒரே குறை, பேழை பளபளவென்று இருந்தது. பள்ளிக்கூடத்தில் வேதியியல் எடுக்கிறவள் நான். உப்பும் வினிகரும் போதும் என்றேன். புலவர் ஒத்துக்கொள்ளவில்லை.

"மண்ணுல கெடந்தாத்தான்க்கா பழசாத் தெரியும். நான் ஊருக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள நல்லா ஊறிடும்" என்றார்.

ஆமாம், அந்த ஜனவரியில் ஒருவழியாக அவருக்கு லீவு கிடைத்திருந்தது. டிக்கெட்டும் கையில் வந்துவிட்டது. கேம்ப்பில் எங்கு பார்த்தாலும் சிமென்ட் தரை. அதனால் விடுமுறையன்று தான் வேலை செய்யும் சைட்டுக்கே போய், பல மாதமாக யாரும் தொடாத பின்பக்க மூலையில் பேழையைப் புளியும் உப்பும் பூசி, பச்சை பிடிக்கட்டும் என்று கழுவாமல் புதைத்துவிட்டு வந்தார். அந்த மூலையில் எந்த வேலையும் வராது என்று அவருக்குத் தெரியும். ஆனால் அது பழைய வரைபடத்தின்படி. புது வரைபடம் அடுத்த வாரம் வந்தது. அதில் கழிவுநீர்க் குழாய் அந்த மூலை வழியாகப் போனது.

வியாழக்கிழமை காலை, நான் பள்ளியில் இருக்கும்போது அவர் போன். வகுப்பு நேரத்தில் கூப்பிடுகிற ஆள் இல்லை. எடுத்ததும் சொன்னார்: "அக்கா, ஷவல் வண்டிக்காரன் பேழையத் தோண்டி எடுத்துட்டான். போலீஸ் வந்திருக்கு. பழங்காலத்துப் பொருள்னு சொல்றாங்க. நான் எடுத்து ஒளிச்சு வச்சதா சொல்றாங்க."

மறுநாள் மதியம் அவருக்கு விமானம்.

வளைகுடாவில் இருப்பவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. பூமிக்குள் கிடைக்கிற பழம்பொருள் அரசாங்கத்தின் சொத்து. எடுத்து ஒளித்தால் வழக்கு. வழக்கென்று ஒன்று விழுந்தால் அது முடிகிறவரை நாட்டைவிட்டு நகர முடியாது. வெள்ளியிலிருந்து ஞாயிறு வரை அலுவலகங்கள் மூடிவிடும். அன்று மாலைக்குள் தீராவிட்டால் லீவு போச்சு. கம்பெனி அடுத்த லீவை எப்போது கொடுக்கும் என்று கம்பெனிக்கே தெரியாது.

அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டு வெளியே வந்தேன். வண்டி எடுத்து வந்த என் கணவர் முதலில் ஸ்டியரிங்கில் கையை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். நீ போய் என்ன செய்யப்போகிறாய், உன்னையும் சேர்த்து உட்கார வைத்தால் நம் விசா என்னாவது, மகள் படிப்பு என்னாவது என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பே இல்லை. எனக்கும் அதே பயம்தான். அந்தப் பயத்தில்தான் அவர்மேல் எரிந்து விழுந்தேன். வண்டியை எடுக்கிறீர்களா, நான் டாக்ஸி பிடிக்கட்டுமா என்றேன். எடுத்தார்.

வழியில் பட்டறைக்காரருக்குப் போன் போட்டேன். செய்தவரே வந்து சொன்னால் கதை முடிந்துவிடும் என்று நம்பினேன். விஷயத்தைக் கேட்டதும், எனக்கு எதுவும் தெரியாது மேடம், நான் எதுவும் செய்யவில்லை என்றார். முதலாளிக்குத் தெரியாமல் பட்டறைத் தகட்டில் செய்து கொடுத்திருக்கிறார் பாவம். மறுபடி அடித்தபோது போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. போட்டோ ஒன்றுகூடக் கிடையாது, என் உத்தரவு. எங்கள் பேழை பொம்மை என்று சொல்ல ஒரு சாட்சியும் இல்லை.

சைட்டில் எனக்கொரு பெரிய ஹெல்மெட்டைக் கொடுத்தார்கள், கண் வரை இறங்கியது. பின்பக்கத்தில் பள்ளத்தைச் சுற்றி நாடா கட்டியிருந்தார்கள். வேலை நின்று, நூறு பேருக்கு மேல் நிழலில் குந்தியிருந்தார்கள். அலுவலக அறையில் மேசைமேல் வெள்ளைத் துணி, துணிமேல் எங்கள் பேழை. புளியும் உப்பும் ஒரு வாரத்திலேயே வேலையைக் காட்டியிருந்தன. பச்சை பூத்து, இதழ்களின் இடுக்கில் மண் அப்பி, ஆயிரம் வருஷத்துப் பொருள்போல இருந்தது. அந்த நேரத்திலும் எனக்கு ஒரு நொடி பெருமை வந்தது. அடுத்த நொடி, சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்த புலவரைப் பார்த்தேன். ஊருக்குப் போவதற்காக முதல் நாளே முடி வெட்டி, மீசையை ஒதுக்கி வைத்திருந்தார். அவருடைய பாஸ்போர்ட் போலீஸ்காரரின் கையில் இருந்தது.

பழம்பொருள் துறையிலிருந்து வந்திருந்தவர் ஒரு இளம்பெண். கறுப்பு அபாயா அங்கி, காலில் சைட்டுக்குப் போடுகிற கனமான பூட்ஸ். ஆங்கிலத்தில் மிக மரியாதையாகப் பேசினார். அந்த மரியாதைதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது. நான் நாடகம் என்றேன், பொம்மை என்றேன், திறந்து பார்த்தால் தெரியும், உள்ளே காந்தம் இருக்கிறது என்றேன். சோதனைக்கூடத்துக்குப் போகாமல் எதையும் திறக்க முடியாது, உண்மையிலேயே பழையதாக இருந்தால் திறக்கிறபோதே கெட்டுவிடும் என்றார். சோதனை எப்போது? அடுத்த வாரம். அதுவரை இவர்? இங்கேதான்.

விடுமுறை நாளில் இவர் மண்வெட்டியோடு உள்ளே வருவது வாசல் கேமராவில் பதிவாகியிருந்தது. மறுநாள் ஊருக்குப் போகிற ஆள், ஒரு வாரம் முன்பு ஒளிந்து வந்து குழி தோண்டியிருக்கிறார். நானே போலீஸாக இருந்தாலும் சந்தேகப்பட்டிருப்பேன்.

அதைவிட மோசமானது போன். எங்கள் நாடகக் குழுவுக்கு போனில் ஒரு குழு உண்டு. அதன் பெயர் 'மறைசபை'. குழுவில் யார் எழுதினாலும் பாத்திரமாகவே, நாடக வசனத்திலேயே எழுதவேண்டும் என்பது எங்கள் வழக்கம். நாக்குக்குப் பழகட்டும் என்று நான்தான் ஆரம்பித்து வைத்தேன். கம்பெனியின் தமிழ் டைம்கீப்பர் ஒருவர் வெளிறிப்போன முகத்தோடு போலீஸ்காரருக்கு அதை ஒவ்வொன்றாக ஹிந்தியில் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார். பேழை எங்கே, புலவரே? பேழையை மண்ணுக்குள் மறைத்துவிட்டேன், தலைவரே. காவலர் கண்ணில் படாமல் எல்லை கடந்து வா. சபை உனக்காகக் காத்திருக்கிறது. கடைசி இரண்டும் சபைத் தலைவராக நடிக்கிற எங்கள் ஆடிட்டர் போட்டவை, கீழே ஒரு வாள் படம் வேறு. வாழ்க்கையில் முதல் தடவையாக, என் வசனம் யாருக்கும் புரியாமல் போகாதா என்று வேண்டிக்கொண்டேன்.

போலீஸ்காரர் என்னைப் பார்த்து, இந்தச் சபையில் நீங்களும் உண்டா என்று கேட்டார்.

ஆமாம் என்றேன். எழுதியதே நான்தான் என்றேன். கதவோரம் நின்றிருந்த என் கணவர் கண்ணை மூடிக்கொண்டார்.

வெளியே வேன் வந்துவிட்டது. பேழையை வைக்க ஒரு பஞ்சுப் பெட்டியைக் கொண்டுவந்தார்கள். பெட்டிக்குள் போய்விட்டால் அவ்வளவுதான். அந்தப் பெண் கையுறையைச் சரிசெய்துகொண்டு மேசைப் பக்கம் நகர்ந்தபோது, இவ்வளவு நேரமும் வாய் திறக்காமல் இருந்த புலவர் எழுந்தார்.

"அக்கா, கடைசிக் காட்சிய நடிச்சுக் காட்டறேன்னு சொல்லுங்க. தலைவர் வசனத்த நீங்க சொல்லுங்க. போன்ல இருக்கறதும் இதுவும் ஒண்ணுதானான்னு அவங்களே பாக்கட்டும்."

சொன்னேன். போலீஸ்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். அந்தப் பெண் புலவரை ஒரு தடவை, என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, பேழையைத் தொடக்கூடாது என்றார். தொடமாட்டார் என்றேன்.

நான் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, என் குரலை அடித்தொண்டைக்கு இறக்கினேன். "பேழை எங்கே, புலவரே?"

புலவர் மூச்சை இழுத்தார். அந்த இடத்தில் மூச்சு இழுத்துவிட்டுச் சொல்லுங்கள் என்று பல வாரம் சொல்லியும் அவசரப்படுவார். அன்று நின்றார். காப்பிக் கப்புகளும் வரைபடச் சுருள்களும் கிடந்த அந்த அறையில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, பேழைக்கு ஒரு முழம் தள்ளி நின்று பேசினார்.

"தேடினேன். மலையில் தேடினேன், மண்ணில் தேடினேன். தேடியது கைக்கு வந்தபோதுதான் தெரிந்தது, அது உங்களுக்கு உரியது அல்ல."

டைம்கீப்பர் போனைப் பார்த்துக்கொண்டே பின்தொடர்ந்தார். ஓரிடத்தில் அவர் விரல் நின்றது. அதே வரிதான் என்று போலீஸ்காரரிடம் மெல்லச் சொன்னார். நான் தலைவனாக மிரட்டினேன், புலவர் மறுத்தார். காவலர் கண்ணில் படாமல் எல்லை கடக்கிற வரி வந்தது, மண்ணுக்குள் மறைத்த வரி வந்தது. ஜன்னலுக்கு வெளியே ஆட்கள் கூடிவிட்டார்கள். ஃபோர்மேன் விரட்டவில்லை, அவரும் பார்த்துக்கொண்டிருந்தார்.

பேழையைத் திறக்கும் இடம் வந்தது. மேடையில் சபைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு திறப்பார். இங்கே தொடக்கூடாது. காற்றில் இல்லாத ஒரு தாமரைமேல் கட்டைவிரலை வைத்து அழுத்தி, இல்லாத மூடியை ஒதுக்கி, உள்ளேயிருந்து ஒன்றை எடுத்து, காதோரம் வைத்து ஆட்டினார். அதற்கப்புறம் அவர் முகம் போன போக்கை நான் எந்த ஒத்திகையிலும் பார்த்ததில்லை. அந்த இடத்துக்கு வசனம் கிடையாது.

அந்தப் பெண் பேழையின் மேல் குனிந்து, எந்த இதழ் என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் கேட்பதற்கு முன்பே புலவர் விரலால் காட்டினார். கையுறை போட்ட விரலால் அவர் அதை அழுத்தினார். ஒன்றும் ஆகவில்லை. புளியும் உப்பும் சேர்ந்து காந்தத்தைக் கவ்விப் பிடித்திருக்கவேண்டும். இன்னும் அழுத்தச் சொல்லுங்கள் என்று புலவர் கிசுகிசுத்தார். இரண்டாவது தடவை 'டக்'கென்று ஒரு சத்தம். அலமாரிக் கதவு திறக்கிற அதே சத்தம். அறையில் இருந்த எல்லார் வீட்டிலும் கேட்கிற சத்தம்.

ஒத்திகையில் வைத்தபடியே உள்ளே கிடந்த கிலுகிலுப்பையை அந்தப் பெண் எடுத்தார். அது ஒருமுறை குலுங்கியது. திருப்பினார். அடியில் கடை ஸ்டிக்கர், பார்கோடு, எல்லாம் பத்திரமாக இருந்தன. போலீஸ்காரர் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு முதலில் சிரித்தார், பிறகு நன்றாகத் திட்டினார். சைட்டில் அனுமதி இல்லாமல் குழி தோண்டியதற்கு எழுத்துமூலமாக எச்சரிக்கை. பேழையை முறைப்படி எழுதி முடிக்கிறவரை அவர்களே வைத்துக்கொள்வார்கள். கிலுகிலுப்பையையும் பெட்டியில் வைக்கப்போன அந்தப் பெண், இது யாருக்கு வாங்கியது என்று கேட்டார். சொன்னேன். மகள் பிறந்த வாரத்தில் வாங்கியது, இன்னும் நேரில் பார்க்கவில்லை, நாளைக்குத்தான் போகிறார் என்றேன். அவர் அதைத் தன் கையாலேயே புலவரிடம் கொடுத்தார். பாஸ்போர்ட்டும் வந்தது. புலவர் பாஸ்போர்ட்டைப் பைக்குள் வைத்துவிட்டுக் கிலுகிலுப்பையைக் கையிலேயே பிடித்திருந்தார்.

புலவரையும் ஏற்றிக்கொண்டு வண்டியில் உட்கார்ந்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அதை மறைக்க, மூச்சு இழுக்கிற இடத்தில் இன்றைக்குத்தான் ஒழுங்காக நின்றீர்கள் என்று திட்டினேன். என் கணவர் பழச்சாறு வாங்கிக் கொடுத்தார். மறுநாள் விமான நிலையத்துக்கும் அவரே கொண்டுபோய் விட்டார்.

ஊரிலிருந்து போன் வரும் வரும் என்று சனிக்கிழமை முழுக்கக் காத்திருந்தேன். ஞாயிறு காலையில்தான் வந்தது. எப்படி இருக்கிறாள் உங்கள் மகள் என்று கேட்டேன்.

அவள் கிட்டவே வரவில்லையாம். வாசலில் இவரைப் பார்த்ததும் அம்மாவின் சேலைக்குள் புகுந்துகொண்டாளாம். இதுதான் அப்பா என்று வீட்டில் எல்லாரும் சொல்ல, இல்லை, அப்பா அதில் இருக்கிறார் என்று போனைக் காட்டினாளாம். பொம்மை கொடுத்தும், சாக்லெட் கொடுத்தும் பார்த்தாயிற்று. கிலுகிலுப்பையைத் தூக்கிப் போட்டுவிட்டாள். முதல் நாள் ராத்திரி பாட்டி வீட்டில்தான் தூங்குவேன் என்று போய்விட்டாளாம். சைட்டில் அத்தனை பேருக்கு நடுவில் கலங்காதவர், இதைச் சொல்லும்போது நடுநடுவே நிறுத்தினார்.

அப்புறம் என்ன ஆச்சு என்று கேட்டேன்.

"காலைல வந்து கதவுக்குப் பின்னாடி நின்னுக்கிட்டாக்கா. நான் தரையில உக்காந்து, சும்மா சுவத்தப் பாத்துக்கிட்டு, போன்ல பண்ணுவேன்ல, அதே மாதிரி தொண்டையச் செருமுனேன். பொறவு கதவுக்குப் பின்னாலருந்து மெதுவா, 'பேழை எங்கே?'ன்னு கேட்டா."

நீங்கள் என்ன சொன்னீர்கள் என்றேன்.

"அடுத்த வசனம் எனக்கு வரலக்கா" என்றார்.